ஆதிரையனுக்குக் கொசுறு

பாலைக்கூண்டின் கேன்டீனில் அன்று காலை இட்லியை ஒருவரும் சீந்தவில்லை. யாரை அனுப்பலாம் என்பதிலேயே எல்லோருக்கும் குறி. தையல்காரரை அனுப்பலாம் என்றார் ஒருவர். அவர் போன வருஷமே போயாச்சே என்றார் பக்கத்து மேஜைக்காரர். "அப்படியா? அதான் என் சட்டை இன்னும் வரலையா?" என்று முதலாமவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

நிலவில் அது ஆள் மாற்றுக் காலம். அங்கே காற்றடைத்த ஒவ்வொரு கூண்டும் ஓர் ஊர், கூண்டுக்கு ஒரு கூடைப்பந்துக் குழு. ஒரு கூண்டின் ஆட்டக்காரரைக் கொடுத்து இன்னொரு கூண்டின் ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ள அன்று மாலைச் சங்கோடு கெடு முடிகிறது. பாலைக்கூண்டுக்காரர்களின் தவிப்புக்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய பருந்துகள் குழு ஆடிய ஆட்டமெல்லாம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. நிலவில் குழந்தைகூட ஆளுயரம் எம்பும் என்பதால் கூடையைக் கூரையிலேயே கட்டியிருந்தார்கள். பருந்துகள் கூரைவரை போவார்கள், கூடையை நலம் விசாரித்துவிட்டுக் கீழே வந்துவிடுவார்கள்.

ஆளை மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. கூண்டுக்குள் இருப்பது அளந்து செய்த காற்று. வருகிறவர் மூச்சும் போகிறவர் மூச்சும் சரிக்குச் சரியாக நிற்க வேண்டும். இதற்கு மூச்சுச் சமன் என்று பெயர். நெட்டையான ஆட்டக்காரர் வந்து குட்டையானவர் போனால் கணக்கு உதைக்கும். அதைச் சரிக்கட்ட, ஊரிலிருந்து சாதாரண ஆள் ஒருவரையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அவருக்குக் கொசுறு என்று பெயர். சம்மதமா என்று கொசுறை யாரும் கேட்பதில்லை. அவரைத் திரும்ப அழைக்க வேண்டுமானால் இன்னொரு ஆள் மாற்றுத்தான் வழி. அந்தத் தலைவலியை இதுவரை யாரும் இழுத்துப் போட்டுக்கொண்டதும் இல்லை.

யார் போவது என்பதை ரசிகர்களே முடிவு செய்தார்கள். பூமியில் ரசிகர்கள் தொண்டை கிழியப் பேசுவார்கள், பேச்சு டீக்கடையோடு போய்விடும், நாம் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்று புலம்புவார்கள். இங்கே அந்தக் குறையே கிடையாது. ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு காதுப்பெட்டி தொங்கியது. நடுவன் என்கிற இயந்திரம் அவற்றின் வழியாக எல்லா ஊகங்களையும் கேட்கும். எதற்கு அதிகம் பேர் தலையாட்டுகிறார்களோ அதை நிறைவேற்றிவிடும். ஊகம் சொன்னவர் மனம் மாறினால், கெடுவுக்குள் பெட்டிக்கு நேரே நின்று 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

ஊகம் சொல்வதில் சடகோபனை அடிக்க ஆள் இல்லை. கீரைப் பாத்தியில் வேலை பார்க்கிறவர். ஆனால் அவர் வாயைத் திறந்தால் கேன்டீன் கப்சிப்பென்று ஆகிவிடும். போன வருஷம் தையல்காரரை அனுப்பச் சொன்னதும் அவர்தான்.

"குறிஞ்சிக்கூண்டு ஆதிரையன்," என்றார் அன்று.

"கனவு காணாதீங்கண்ணே," என்றான் இருதயராஜ். கேன்டீன்காரன், சடகோபனின் கூட்டாளி. "அந்தப் பனைமரத்தை அவங்க விடுவாங்களா?"

"விடுவான். ஏன் தெரியுமா? அங்க தண்ணி நாறுதாம். சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளு இல்ல. நம்ம டீம்லேர்ந்து குள்ளக் குமணனைக் குடு, கூடவே தண்ணிப் பிரிவுலேர்ந்து ஒரு ஆளைக் கொசுறாத் தள்ளு. அவன் கையைக் கட்டிக்கிட்டு வந்து ஆதிரையனைக் குடுப்பான்."

கேன்டீன் ஒரு கணம் யோசித்தது. பிறகு மேஜைகள் அதிர்ந்தன. காதுப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இருதயராஜ் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான்.

மத்தியானம் சடகோபன் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி பொற்கொடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மணிக்கட்டுப் பட்டை மஞ்சளாக ஒளிர்ந்தது. கொசுறுகளின் பட்டைதான் அப்படி ஒளிரும்.

"குறிஞ்சிக்கூண்டுல தண்ணி நாறுதுன்னு நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்," என்றாள். "அதையா போய்ப் பேசினீங்க?"

சடகோபனின் சீட்டி நின்றது. "உன் தண்ணிப் பிரிவுல எத்தனையோ பேர் இருக்காங்களே…"

"குமணன் மூச்சோட என் மூச்சைக் கூட்டினாத்தான் ஆதிரையன் மூச்சுக்குச் சரியா வருதாம். நான் மெதுவா மூச்சு விடறவளாம்." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இவ்வளவு வருஷம் பக்கத்துல படுத்திருக்கீங்க, உங்களுக்கே தெரியாது."

சடகோபன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இல்லாமல் இந்த அறையில் ஒரு நாள் இருந்ததில்லை. பொற்கொடி என்றால் அவருக்கு உயிர். அதில் சந்தேகமே கிடையாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாங்க. போய் வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. ஒரு வார்த்தை. அங்க உக்காந்து பேச ஆரம்பிச்சுடாதீங்க."

"என்னை என்னன்னு நெனச்சே?" என்று கேட்டுவிட்டு ஓடினார். நிலவில் ஓடுவது என்றால் பாதி நேரம் அந்தரத்தில் இருப்பது. அந்த அந்தரத்திலும் அவர் மனம் 'வேண்டாம், வேண்டாம்' என்றுதான் சொல்லிக்கொண்டு போனது.

கேன்டீனில் திருவிழாக் கூட்டம். விஷயத்தைக் கேட்டதும் இருதயராஜின் முகம் வாடிவிட்டது. "அய்யோ, அண்ணியா? போங்கண்ணே, முதல்ல சொல்லுங்க," என்று பெட்டிப் பக்கம் தள்ளினான். எல்லோரும் வழிவிட்டார்கள். மனிதர்கள் நல்லவர்கள்தான்.

சடகோபன் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து ஒரு குரல் பெருமூச்சு விட்டது. "இவர் விட்டுட்டா மருதக்கூண்டுக்காரன் ஆதிரையனைக் கொத்திக்கிட்டுப் போயிடுவான்."

"மருதமா?" சடகோபன் திரும்பினார். "அவன்கிட்ட குடுக்க என்ன இருக்கு? ரெண்டு ஆட்டக்காரனுக்கும் முழங்கால் போச்சு."

"மூணு ஆளாக் குடுப்பானாம்."

"குறிஞ்சிக்காரன் என்ன கேனையனா? அவனுக்கு வேணுங்கறது தண்ணி ஆளு." சடகோபன் ஒரு நாற்காலியை இழுத்தார். "இருங்க. பொற்கொடி போகவும் கூடாது, ஆதிரையன் வரவும் வேணும். அதுக்கு வழி இல்லாமலா போகும்? குமணனுக்குப் பதிலா நம்ம நெட்டையன் ஒருத்தனைக் குடுத்தா, கொசுறோட மூச்சு குறைச்சலா இருந்தாப் போதும். தண்ணிப் பிரிவுல பயிற்சிக்கு வந்திருக்கே ஒரு பொண்ணு, அதுவே போதும்."

"நெட்டையனைக் குடுத்தா தடுப்பாட்டம் யாரு ஆடறது?"

"அங்கதான் நீ தப்புப் பண்றே…"

பேச்சு சூடு பிடித்தது. உப்பு டப்பா குமணனானது, சட்னிக் கிண்ணம் ஆதிரையனானது. மனைவியைக் காப்பாற்றத்தான் பேசுகிறோம் என்று சடகோபன் மனதார நம்பினார். கண்ணில் நீர் நிற்கவே பேசினார். அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாச் சொல்லையும் பேசினார். பெட்டி பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு பேரம் அநேகமாக உருவாகிவிட்டது. ஒரே ஒரு மூச்சுதான் இடித்தது.

சங்கு ஊதியது.

கொசுறுகளை அனுப்பும் வண்டிக்குச் சத்தம் கிடையாது. அவர் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய புடவைகள் இல்லை, சீப்பு இல்லை, தலையணை இல்லை. கதவில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. கூண்டுக் காற்று எப்போதும்போல் சீராக இருந்தது. அவளுடைய பங்கை வேறு ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சடகோபன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

அதற்கடுத்த ஆட்டத்தில் ஆதிரையன் தனி ஆளாகப் பந்தைக் கூடையில் கொட்டினார். பருந்துகள் ஜெயித்தார்கள். சடகோபனும் போயிருந்தார், கத்தக் கூடாது என்றுதான் போனார், கத்திவிட்டார்.

மறுநாள் கேன்டீனில் இருதயராஜ் அவர் முன்னால் காப்பியை வைத்துவிட்டுத் தயங்கி நின்றான். "அண்ணே, அடுத்த ஆள் மாற்றுல அண்ணியைத் திரும்பக் கொண்டு வந்துடலாம்ணே. என்ன கேப்பாங்க, ஆதிரையனைக் கேப்பாங்க. குடுத்துட்டாப் போச்சு."

சடகோபன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"ஆதிரையனை மட்டும் பேச்சுல இழுக்காதே, இருதயம். இப்பத்தான் டீம் தலை நிமிர்ந்திருக்கு. வேற யாரையாவது பாப்போம்," என்று சொல்லிவிட்டு, கேன்டீனில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார்.

ஒருவரும் எழுந்து போகவில்லை. நாற்காலிகளை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.