அமலோற்பவத்தின் முழங்கால்

பதங்காணி ஒன்பதாவது தடவையாக மன்னிப்புக் கேட்டது.

"பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் முட்டை சற்றே மிகையாக வெந்துவிட்டது. வருந்துகிறேன். தாங்கள் விரும்பினால் அழவும் செய்வேன்."

"அழ வேண்டாம்" என்றான் தஸ்நேவிஸ். முட்டையை இரண்டாக வகிர்ந்து பார்த்தான். மஞ்சள் கருவைச் சுற்றிக் குளத்துப் பாசி நிறத்தில் ஒரு வளையம்.

தூத்துக்குடியில் சட்டியில் முட்டை அவிக்கும் வழக்கம் ஒழிந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு முட்டைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து பொறிகள் இருந்தன. முட்டைகழுவி, அவிப்பான், ஓடுநீக்கி, இருகூறாக்கி, மிளகுதூவி. இந்த ஐந்தையும் கழுவுவதற்கு ஆறாவதாக ஒன்று. எல்லாவற்றையும் செய்து விற்ற நிறுவனத்தில் தஸ்நேவிஸ் பொறியாளன். பழைய அவிப்பானுக்குப் பதிலாக அவன் உருவாக்கியதுதான் பதங்காணி. ஓட்டின் தடிமன், கோழியின் வயது, கடற்காற்றின் ஈரம் என்று நூற்று நாற்பத்து மூன்று கணக்குகளைப் போட்டு முட்டையின் பதத்தை அது கண்டுபிடிக்கும். ஆனால் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் முட்டை கல்லாகிவிடும். கணக்கைக் குறைத்தாலோ கொழகொழத்துவிடும்.

மேலாளர் கோயில்பிள்ளை முட்டையைப் பார்த்தார். பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டே தஸ்நேவிஸைப் பார்த்தார்.

"ஏ வே, இது என்ன முட்டையா, கிரிக்கெட் பந்தா? மாதா கோவில் கொடியேத்துக்குள்ள இது சரியா வேகணும். இல்லேன்னா உம்ம பிரிவ மூடிருவேன். நீரும் அந்த எட்டுப் பேரும் வேற வேலை பாத்துக்கிடும்."

கொடியேற்றத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு அவமானம் தட்டில் காத்திருந்தது. அவன் மனைவி பிரகாசி அவித்த முட்டை. முட்டைப்பொறி செய்கிறவன் வீட்டிலேயே அவள் ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டியை வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் முட்டை அவித்தாள். வெள்ளை கட்டியாக இருக்கும். மஞ்சள் உருண்டு நிற்கும், உதிராது. இத்தனை வருடமாக அதைச் சாப்பிட்டவனுக்கு அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"பிரகாசி, எவ்வளவு நேரம் வைக்க?"

"முட்டை அவிக்க அஞ்சு மிஷினு செஞ்சவிய என்கிட்ட கேக்கீயளா? அடுத்தது அத முழுங்குததுக்கும் ஒண்ணு செய்வீய."

"வெளையாடாத. எட்டுப் பேரு பொழப்பு இருக்கு."

அதைக் கேட்டதும் பிரகாசியின் முகம் மாறியது. "நேரமெல்லாம் பாக்கதில்ல. தண்ணி கொதிக்கவும் முட்டையப் போடுவேன். நாலு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுவேன். அம்மைக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, கடலுக்குப் போனவியளுக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு."

"எனக்கு என்ன கேப்ப?"

"கோவம் கொறையணும்னு. அது மட்டும் இன்னும் வேகல. பொறவு சன்னல் வழியா எதுத்த வீட்டு அமலோற்பவம் அக்காகிட்ட, 'முழங்கால் எப்படி இருக்கு'ன்னு கேப்பேன். அக்கா சொல்லி முடிக்கவும் அடுப்ப அணைச்சிருவேன்."

"அவுக நீட்டிச் சொன்னா?"

"தீயக் கொறைச்சுக்கிடுவேன்."

"சுருக்கமாச் சொன்னா?"

பிரகாசி சற்று யோசித்தாள். "இதுவரைக்கும் சொன்னதில்ல."

தஸ்நேவிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் ஒரு பதங்காணியைத் தூக்கிவந்து சட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். கேட்டுப் பழகும் சக்தி அதற்கு உண்டு. பதினைந்து காலைகள் அது வாயைத் திறக்காமல் சட்டியின் கொதியையும், பிரகாசியின் முணுமுணுப்பையும், தெருவைத் தாண்டி வரும் அமலோற்பவத்தின் குரலையும் கேட்டது. பதினாறாம் நாள் அதுவே ஒரு முட்டையை அவித்தது. கோயில்பிள்ளை வெட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டார்.

எல்லாச் சமயத்தாருக்கும் விற்கும் பொருள் என்பதால், அது கேட்டுப் பழகியவற்றிலிருந்து ஜெபங்களை மட்டும் நிறுவனத்தின் வடிகட்டி நீக்கிவிட்டது. மிச்சம் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கொடியேற்றத்தன்று நாற்பதாயிரம் பதங்காணிகள் விற்றுப்போயின.

மறுநாள் காலை நாற்பதாயிரம் சமையலறைகளில் முட்டையை உள்ளே வைத்து மூடினார்கள். தண்ணீர் கொதித்தது. பதங்காணி கனிவாகக் கேட்டது.

"எக்கா, முழங்கால் எப்படி இருக்கு?"

முதலில் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு அதட்டினார்கள். பதங்காணி அசையவில்லை. "அமலோற்பவம் அக்காவின் முழங்காலைத்தான் கேட்டேன். விசாரித்துச் சொல்லுங்கள், முட்டை காத்திருக்கும்" என்றது. "நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்பேற்றியவர்களுக்கு மூடி உடனே திறந்துகொண்டது. முட்டை சளியாக வழிந்தது. சந்தேகமே இல்லாமல் பிரகாசியின் வழிதான். பதில் நீண்டால் சூடு குறையும், பதில் முடிந்தால் அடுப்பு அணையும்.

கோயில்பிள்ளை காதில் மாட்டியிருந்த செவிமணி, புகார் அழைப்புகளால் எட்டு மணிக்குள் சூடேறிவிட்டது. "யாரு வே அந்த அமலோற்பவம்? அந்தக் கேள்விய எடுத்துத் தொலையும்!"

தஸ்நேவிஸ் எடுத்துப் பார்த்தான். கேள்வியை எடுத்தால் பதமும் கூடவே போனது. கேள்வி இருந்த இடத்தில் அதே நீளத்துக்கு மௌனத்தை வைத்தான். பேச்சே இல்லாத அடுப்படியில் ஆளில்லை என்று முடிவு கட்டி, பாதுகாப்பு விதிப்படி பதங்காணி அணைந்துவிட்டது.

அதற்குள் ஊர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. யார் அந்த அக்கா என்று விசாரித்து, பலர் ஒரே அழைப்பில் சேர்ந்து அமலோற்பவத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவள் சொல்வதைப் பதங்காணிக்குக் கேட்கும்படி பிடித்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் நேரிலேயே வந்தார்கள். ஒருவர் துண்டோடு வந்தார், இன்னொருவர் பாதிச் சவரத்தோடு. வந்தவர்கள் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு, தைலமும் ஒத்தடப் பையும் கொண்டுவந்தார்கள். எலும்பு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண், முட்டைக்காக வந்தவள், காலையே பிடித்துப் பார்த்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டு வருடமாகப் பிரகாசி ஒருத்தியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த கதையை அமலோற்பவம் ஊருக்கே சொன்னாள். முட்டைகள் அருமையாக வெந்தன.

மூன்றாவது வாரம் வந்தது வினை. ஒரு காலையில் நாற்பதாயிரம் முட்டையும் கொழகொழத்துப் போயின.

தஸ்நேவிஸ் ஓடிப்போய்ப் பார்த்தான். அமலோற்பவம் வாசலில் நின்று, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு சிரித்தாள். "சரியாயிட்டு தம்பி!" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலையில முட்டை வேகலேன்னா, ஒன்பது பேரும் வர வேண்டாம்" என்றார் கோயில்பிள்ளை. சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏப்பம் விட்டார்.

"அக்காவத் திரும்ப நொண்டச் சொல்ல முடியுமா?" என்று வீட்டில் புலம்பினான் தஸ்நேவிஸ். "வேற யாராவது வேணும். நெறைய வேதனை இருக்கணும். கேக்க ஆளில்லாம இருக்கணும்."

பிரகாசி தட்டைக் கழுவியபடியே கேட்டாள். "ஒங்க மேலாளர் ஏன் எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழுதாரு?"

"நெஞ்செரிச்சல். வயித்துல புண்ணு. காலையில ஒண்ணும் எறங்காது."

"வீட்டுல யாரு பாத்துக்கிடுதா?"

"யாரும் இல்ல. வீட்டம்மா தவறிட்டாவ. மகன் தூர தேசத்துல. இருபத்தேழாவது மாடியில ஒத்தையில கெடக்காரு."

"எதுத்த வீட்டுல?"

"இருவது வருசமா யாருன்னே தெரியாதாம். அவரே சொன்னாரு."

பிரகாசி கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ அவர் பேரப் போடுங்க."

"எனக்கு வேலை போயிரும்!"

"அதான் ஏற்கெனவே போகுதே."

 தஸ்நேவிஸ் எல்லாப் பதங்காணிகளிலும் அமலோற்பவத்தின் முழங்காலை எடுத்து, கோயில்பிள்ளையின் நெஞ்செரிச்சலைப் போட்டுவிட்டு, ஒரு மங்கள வார்த்தையைத் தானே சொல்லிக்கொண்டான். தனக்காக அல்ல என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

விடிந்ததும், திட்டு வாங்குவதை நேரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று இருபத்தேழாவது மாடிக்குப் போனான். மின்தூக்கியை விட்டு இறங்க இடமில்லை. நடைவழி முழுக்க ஆட்கள். ஒருவர் கையில் மோர்ச் சொம்பு, இன்னொருவர் கையில் மணத்தக்காளி வற்றல், மற்றவர்கள் கையில் வீட்டிலிருக்கும் பதங்காணிக்குக் கேட்கும்படி தூக்கிப் பிடித்த தொலைபேசி. கதவருகில், இடுப்பில் சாரமும் மேலே பனியனுமாய்க் கோயில்பிள்ளை. எதிர்வீட்டு அம்மாள் இருபது வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நெஞ்செரிச்சல் எப்படி இருக்கு?"

கோயில்பிள்ளையின் கண் கூட்டத்துக்கு மேலாகத் தஸ்நேவிஸைப் பிடித்துவிட்டது.

"ஏ வே! எம் பேரப் போட்டது யாரு?"

 தஸ்நேவிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "எங்க வீட்டுல சொன்னாவ சார்."

 மேலாளர் மோர்ச் சொம்பைப் பார்த்தார், எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி, சரி. ஓரமா நில்லும். இவங்ககிட்ட இன்னும் பாதிகூடச் சொல்லல." அம்மாள் பக்கம் திரும்பினார். "இது இப்ப வந்ததில்ல தாயி. எம் பொஞ்சாதி தவறுன வருசம் ஆரம்பிச்சது. என்ன ஆச்சுன்னா..."

அன்று தூத்துக்குடியில் முட்டைகள் எல்லாம் கிரிக்கெட் பந்தாக வெந்தன. எவ்வளவுதான் சூட்டைக் குறைத்தாலும் அந்தக் கதையின் நீளத்துக்குப் பதங்காணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. நிறுவனத்துக்கு ஒரு புகார்கூட வரவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.