அவள் ஏற்றுக்கொண்ட மாத்திரை

காலை ஏழரை மணிக்குக் கணவன் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. டம்ளர் போனால் போகட்டும். அவன் கை ஏன் அப்படி வெடவெடவென்று ஆடுகிறது?

"என்னங்க... என்ன பண்ணுது?"

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவனிடமிருந்து குழறல்தான் வந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றி கொதித்தது. கால் சதை தானாகத் துள்ளித் துள்ளி அடங்கியது.

சமையலறையிலிருந்து ஓடி வந்த மாமியார் மகனைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"மாத்திரைக்காரி... உன் பைத்தியக்கார மாத்திரையை எதுலடி கலந்து குடுத்த?"

மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் புடவைகளுக்கு நடுவே மனச்சோர்வு மாத்திரை அட்டை ஒன்று மாமியார் கையில் சிக்கிய அன்று, "என்னோடதுதான் அத்தை" என்று அவளே சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் பால் பொங்கி வழிந்தாலும் அவள் மூளையில்தான் கோளாறு.

"அம்மா, விசாரணையெல்லாம் அப்புறம் வச்சுக்க. காலைப் பிடி, தூக்கலாம்" என்றான் மெக்கானிக்கின் அண்ணன்.

ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு. பெண் டாக்டர் அவன் கண்ணில் டார்ச் அடித்தபடியே கேட்டாள்.

"வழக்கமா ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"ஒண்ணும் கிடையாது. என் பிள்ளை கல்லு மாதிரி. மாத்திரையெல்லாம் இதோ நிக்குதே, இதுக்குத்தான்."

அவள் கணவனைப் பார்த்தாள். 'அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்' என்று சொல்லி அவள் கையில் சத்தியம் வாங்கியவன். இப்போது தெரியாவிட்டால்தான் செத்துவிடுவான் போலிருந்தது.

"டாக்டர்... அந்த மாத்திரை இவரோடது. டிப்ரஷனுக்கு. மூணு வருஷமா சாப்பிடறார். நான் ஒண்ணுகூட போட்டதில்ல."

"புளுகுறா. பழியை அவன் தலையில கட்டுறா" என்றாள் மாமியார்.

டாக்டர் மாமியார் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு நாளுக்குள்ள புதுசா எதுவும்? சளிக்கு, வலிக்கு?"

"முதுகு வலின்னார். மாத்திரை போட்டாரான்னு எனக்குத் தெரியல..."

மாமியாரின் கை முந்தானையைத் தேடியது.

"நான்தான்... நான்தான் குடுத்தேன். பெரியவனுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப மிஞ்சின மாத்திரை. நேத்துலேர்ந்து நாலு."

"டிரமடால்" என்றான் அண்ணன், அடித்தொண்டையில்.

"அதுதான் விஷயம்" என்றாள் டாக்டர். "அந்த வலி மாத்திரை மனச்சோர்வு மாத்திரையோட சேரக் கூடாதும்மா. ரெண்டும் சேர்ந்து நரம்பை முடுக்கிவிடுது. நடுக்கம், ஜுரம், உயிருக்கே ஆபத்து. சாதா ஜுரம்னு வீட்டுலயே படுக்க வச்சிருந்தா..."

முடிக்காமல் நர்சைக் கூப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவன் தெளிவாகப் பேசினான்.

"அவ சொன்னது நிஜம்மா. உன் வாய்க்குப் பயந்து அவளை மாட்டிவிட்டேன்."

மாமியார் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருஷம்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"என்னைக் கூப்பிட்ட மாதிரி அவரை ஒரு நாள் கூப்பிட்டிருந்தா அவர் தாங்கியிருக்க மாட்டார், அத்தை."

"நீ மட்டும் எப்படித் தாங்கின?"

கேட்டுவிட்டு மாமியார் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள். ஆறு கட்டில் போட்ட வார்டு, கட்டிலுக்கு நாலு பேர் கூட்டம். நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

"ஏற்கெனவே சாப்பிட்டுட்டிருந்த மருந்து என்னென்ன?"

பழக்கதோஷம். மருமகள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

மாமியார் முன்னால் வந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"என் பிள்ளை மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தான். அதை முதல்ல எழுதிக்கோம்மா."

"மாத்திரை பேரு?"

கிழவிக்கு வாயில் நுழையவில்லை. மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீ சொல்லும்மா. நானும் கத்துக்கறேன்."

சொல்ல வாயெடுத்தவள் பாதிப் பெயரிலேயே அழத் தொடங்கினாள். மாமியார் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "மெதுவா சொல்லு" என்றாள். "இந்த நர்ஸ் பொண்ணு காத்திருக்கும்."