ராட்சசனை எழுப்பிய மணி

"படம் முழுக்க உங்கம்மா ஒரே ஒரு தடவைதான் மணி அடிப்பாங்களாமே? அதுக்கா இவ்ளோ பீத்தல்?" என்றான் வாயாடி.

சிட்டுக்குச் சுருக்கென்றது. அம்மா மணி வாசிக்கப்போவதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான். இப்போது பார்த்து, பக்கத்து இருக்கையில் வகுப்புத்தோழன் வாயாடியா வந்து உட்கார வேண்டும்? கூடவே அவன் தம்பி பொடியன் வேறு.

"பார்த்துட்டுப் பேசு," என்றாள் சிட்டு.

அது சாதாரணத் திரையரங்கு இல்லை. திரையில் படம் ஓடும், பேச்சும் கேட்கும். இசை மட்டும் வராது. அதைத் திரைக்குக் கீழே ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்து நேரில் வாசிக்கும். ஒருவர் தூங்கிவிட்டாலும் போச்சு.

அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் அம்மா நின்றாள். பக்கத்தில் ஆளுயரக் குழாய் மணி, கையில் மரச்சுத்தி. திரைக்கு முதுகு, கண் இசை நடத்துபவர் மேல்.

படம் தொடங்கியது. ஊரையே தோளில் சுமக்கும் ஒரு ராட்சசன். அவன் நடந்தால் பறைகள் அதிர்ந்தன. அவன் சிரித்தால் ஊதுகுழல்கள் எல்லாம் சேர்ந்து முழங்கின. பொடியன் அவனோடு சேர்ந்து சிரித்தான்.

கடைசியில் ஒரு சூனியக்காரி ராட்சசனைக் கல்லாக்கிவிட்டாள்.

இசை நின்றது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்த அமைதியில்தான் அம்மாவின் மணி விழ வேண்டும்.

பொடியனின் உதடு பிதுங்கியது. "செத்துட்டானா?" என்று விசும்பினான். அடுத்தது பெரிய ஊளைதான்.

"டேய், சும்மா இருடா!" என்று வாயாடி பல்லைக் கடித்தான். அதட்டினால் எந்தப் பிள்ளை அடங்கியது? பொடியன் வாயை அகலமாகத் திறந்தான்.

சிட்டு அவன் தாடையை மெல்லக் கீழே திருப்பினாள்.

"அங்க பாரு, எங்கம்மா. அவங்க அடிச்சாதான் அவன் எந்திரிப்பான். நீ அழுதா அவனுக்கு மணி கேக்காதுடா கண்ணா."

பொடியன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கன்னத்தில் கண்ணீர் அப்படியே நின்றது.

சுத்தி உயர்ந்தது.

டாங்ங்ங்...

ராட்சசன் கண்ணைத் திறந்தான்.

"அத்தை எழுப்பிட்டாங்க!" என்று கத்தினான் பொடியன். முதல் கைத்தட்டல் அவனுடையதுதான். பிறகு அரங்கமே அதிர்ந்தது.

விளக்குகள் எரிந்தபோது வாயாடி முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டி, "சார், அந்த மணி அடிச்சாங்கள்ல? எங்க கிளாஸ் பொண்ணோட அம்மா!" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெட்கம் கெட்டவன்! சிட்டுக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா கேட்டாள்: "ஏண்டி, அந்த ராட்சசன் எப்படிக் கண்ணைத் திறந்தான்? எத்தனை ஒத்திகை பார்த்தாச்சு, ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்க முடியல."

சிட்டு நடைபாதையில் கல்லாக நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எதிரே வந்த சைக்கிள்காரர் திகைத்து விலகிப் போனார்.

"என்னடி, திற!"

"மணி அடிக்காம எப்படித் திறப்பேன்?"

அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு இல்லாத சுத்தியை ஓங்கி, வாயாலேயே அடித்தாள்.

"டாங்ங்ங்!"

சிட்டு மெல்ல, மிக மெல்ல, கண்ணைத் திறந்தாள்.