ஒப்பிட ஒரு நல்ல மூளை

“கையை எடுங்கோ. என் ஆத்துக்காரர் வர நேரம்.”

“நான்தாண்டி அது. ஒரு வாய் வாங்கிக்கோ.”

“நீங்க யாரோ. அவர் இவ்வளவு கிழவர் இல்லை.”

இரண்டு வருடமாக அந்த வீட்டில் தினமும் மத்தியானம் நடக்கும் சண்டைதான். ஞாபகம் அழிந்துகொண்டிருந்த ஜலஜாவுக்குச் சோறு ஊட்ட வெங்கடசுப்ரமணியன் கெஞ்சுவார். அவரைப் புருஷன் என்று அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஆனால் அன்று அவர் சமையலறையில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தார். சண்டை படுக்கையறையில் கேட்டது. அந்த ஆண்குரல் அவருடையது.

பக்கத்து பெங்காலி ஃப்ளாட்டின் கடுகெண்ணெய்ப் புகை மூக்கில் ஏற, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குள் நுழையும் லோக்கல் ரயிலின் கிறீச்சொலியும், கரண்ட் போய் மெல்ல ஓய்ந்துகொண்டிருந்த ஃபேனின் டக் டக்கும் ஒன்றாகக் கலந்து கேட்க, அவர் சுவரைப் பிடித்தபடி போய் எட்டிப் பார்த்தார். ஜலஜா மட்டும் இருந்தாள். மடியில் தட்டு. பிசைந்த சாதம், பாதி தீர்ந்திருந்தது. அவர் இன்னும் சாதமே வடிக்கவில்லை.

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புனேயிலிருக்கும் மகள் ஸ்னேகா அம்மாவை ஹோமில் சேர்த்துவிடுவாள். தன்னால் முடியும் என்று போனில் சொல்லிச் சொல்லித்தான் அவளைத் தடுத்து வைத்திருந்தார். அம்மாவுக்கு ஞாபகம் போனால் என்ன, எனக்கு இருக்கிறதே என்பார்.

மறதி நோயில் மூளைத் திசு எப்படி மாறுகிறது என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஜலஜாவுக்கு ஸ்கேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் ஒரு நல்ல மூளை வேண்டுமென்று அவரையும் சேர்த்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

2003 ஜனவரியில், அந்த வருடத்துப் படங்களைப் பார்க்க டாக்டர் கூப்பிட்டார். ஜலஜாவை ஆயா மினோதியிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். டாக்டர் படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டினார். காதுக்கு உட்புறமாக, சுண்டுவிரல் பருமனில், நினைவைச் சேர்த்து வைக்கும் இடம். ஒரு படத்தில் அது வற்றிச் சுருங்கி, சுற்றிலும் கறுப்பு பரவியிருந்தது. பாவம், ஒரே வருடத்தில் இவ்வளவா என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஜலஜாவுடையது இல்லை என்றார் டாக்டர். லேபிள் மாறியிருக்கும் என்றார் இவர்.

டாக்டர் அவர் தோளைத் தொட்டார்.

வீட்டுப் படிக்கட்டில் மினோதி இறங்கி வந்தாள். நீங்கள் வந்துவிட்டீர்களே என்றுதான் கிளம்பினேன், மறுபடி எப்போது வெளியே போனீர்கள் என்று பெங்காலியில் கேட்டாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே சண்டை இல்லை. சிரிப்பு. ஜலஜாவின் சிரிப்பு. இரண்டு வருடமாகக் கேட்காதது.

நாற்காலியில் ஒரு முதுகு. அவருடைய சட்டை. சாதம் பிசையும் கை. அவள் வாயைத் திறந்தாள். வாங்கிக்கொண்டாள்.

“ஏன்னா, வாசல்ல யாரோ நிக்கறா.”

முதுகு திரும்பியது. அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறார். எங்கே என்று தெரியவில்லை.

“யார் வேணும் உங்களுக்கு?”

அவர் வாயைத் திறந்தார். தன் பெயர் வரவில்லை. அவள் அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள்.

நீங்கள் அந்த வாசலில் நின்றிருந்தால் உள்ளே போவீர்களா, அவள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போவீர்களா? இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் மனதில் பட்டதை எழுதுங்கள்.