பன்னிரண்டரை மணி அவுட்

காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்ததில் நாகலிங்கத்தின் வலது முழங்காலுக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போலிருந்தது. ஸ்டோரின் மேல்தட்டில் கிடந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கி, வெல்டிங் ஷெட்டைத் தாண்டி, போர்ட்டாகேபின் வரை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்திருந்தான். மேசையில் வைத்தபோது சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. வேர்வைதானே என்று துடைத்தான். துடைத்த கையை முகர்ந்த பிறகுதான் தெரிந்தது. வேர்வைதான். ஆனால் அவனுடையது இல்லை. பெட்டியின் அடித்தகரத்திலிருந்து அது கசிந்துகொண்டிருந்தது.

ஐந்து வருடமாக யாரும் தொடாத பெட்டி. ஷார்ஜாவின் ஜூலை மாதத்தில், காற்றே நுழையாத ஸ்டோரில், ஈரத்துணியைப் போட்டால் அரைமணியில் அப்பளமாகிவிடும்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி அதையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

முகம்மது ரிபாய் வாசலில் நின்றார். கம்பெனியில் கணக்கு, விசா, கேஸ் எல்லாம் அவர் கையில். கீழக்கரைக்காரர். நாகலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவர்.

"உள்ள ஈரமா இருக்கு பாய்."

"இருந்தா தொடைங்க. அப்ப நீங்கதானே டைம்கீப்பரு? இதத் தட்டித் தட்டி ஓட்டுனவருக்கு நான் சொல்லித் தரணுமா? மூணு மணிக்கு வக்கீல் ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றான். அந்த ஜூலை மாசத்து பஞ்ச் ரிப்போர்ட் ஒரு காப்பி வேணும். சிவசங்கரன் பன்னெண்டரைக்கு அவுட்னு அதுல இருக்கணும்."

"இருக்கும்."

"இருந்துச்சுன்னா அவன் பொண்டாட்டி உமாராணி போட்ட கேஸ் கலாஸ், அதோட முடிஞ்சுது. உங்க விசா புதுப்பிக்கிற பேப்பர் நாளைக்கே டைப்பிங் சென்டருக்குப் போயிடும். இல்லன்னா எனக்கு ஒண்ணுமில்லண்ணே, நீங்கதான் ஊருல ரேஷன் கடை வரிசையில நிக்கணும்."

சிரித்துக்கொண்டே காரை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை திறந்த வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். ஐந்து வருடம் முன்பு கம்பெனிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டரைக்கு டைம்கீப்பர் எல்லார் கார்டையும் தானே எடுத்து வரிசையாக அவுட் அடித்துவிடுவான். ஆட்கள் கூரைமேல் தகரம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். மூன்று மணிக்கு அவனே இன் அடிப்பான். காகிதத்தில் நாற்பத்தொரு பேரும் நிழலில் படுத்துத் தூங்கினார்கள். அப்படித் தூங்கிய ஒரு மத்தியானத்தில்தான் சிவசங்கரன் கூரையிலேயே சுருண்டு விழுந்து செத்தான். இடைவேளைக்கு அவுட் ஆனவன் கூரைக்கு ஏன் போனான் என்று எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அவுட் அடித்த கை நாகலிங்கத்தினுடையது.

அந்தச் சாவுக்குப் பிறகு சட்டத்தை மீற யாருக்கும் தைரியமில்லை. இப்போது எல்லாரும் ஷெட்டுக்குள் அட்டை விரித்துப் படுத்திருந்தார்கள். கிரைண்டர் சத்தமில்லை, சுத்தியல் சத்தமில்லை. யார்டு முழுக்க வெள்ளை வெயில் மட்டும் நின்றது. பழைய பெட்டியும் ஏசியும் ஒரே லைனில் ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும் என்பதால் நாகலிங்கம் ஏசியை அணைத்தான். அது கடைசியாக ஒருமுறை நடுங்கி அடங்கியதும், கேபினின் தகரச் சுவர்கள் சூட்டில் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு பீப். நீளமான ஒரு பீப், ஒரு மூச்சுவிடும் இடைவெளி, மறுபடி நீளமான பீப். மெமரி சரியாக உட்காரவில்லை என்றால் இந்தப் பெட்டிகள் இப்படித்தான் கத்தும். அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த இடைவெளி ஒரே அளவாக இல்லை. ஏணியில் ஏறுகிற ஆள் நின்று மூச்சு வாங்குவதுபோல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது.

ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகரத்தைக் கழற்றினான். மெமரி குச்சிகள் இரண்டு. கிளிப்பை விலக்கி முதலாவதை உருவியவன் கையை உதறினான். கொதித்தது. அரை நிமிடம்கூட ஓடாத பெட்டியில் அந்தச் சூடு வர வழியே இல்லை. அதன் மஞ்சள் பற்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்தான். பொடியாக உதிர்ந்தது. நாள் முழுக்க வெயிலில் நின்றவன் சட்டை முதுகில் காய்கிற அதே வெள்ளை உப்பு.

இரண்டையும் தேய்த்தான். செருகினான். இரண்டு பக்கமும் கிளிப் 'டக்' என்று விழுந்தது. போட்டான். பீப். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தான். பீப். இடம் மாற்றினான். பீப். பக்கத்துப் பக்காலா கடையில் வாங்கிய புது பேட்டரியைப் போர்டில் போட்டான். காசளவு பேட்டரி, அது செத்தால் பெட்டிக்குத் தேதி மறந்துபோகும். அதற்குப் பிறகும் பீப்.

ஒரு மணி ஐம்பது. மூன்று மணி ஆள், நாளைக்கு டைப்பிங், ரேஷன் கடை வரிசை எல்லாம் தலைக்குள் ஓடின. கோளாறு குச்சியிலா போர்டிலா என்று பார்க்க, இரண்டு குச்சிகளையும் உருவி மேசைமேல் விரித்திருந்த பழைய பேப்பரில் வைத்தான். மெமரியே இல்லாமல் போட்டால் எந்தப் பெட்டியும் கத்திவிட்டு நிற்கும். அதற்கு மேல் போகாது. போக முடியாது.

பட்டனை அழுத்தினான்.

பீப் இல்லை.

திரை வெளுத்தது. இடது மூலையில் மெமரி எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது. ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நாகலிங்கம் பேப்பரைப் பார்த்தான். இரண்டு குச்சிகளும் அங்கேயேதான் கிடந்தன. பெட்டிக்குள் பார்த்தான். காலியான இரண்டு பள்ளங்கள். திரையில் எண் நிற்கவில்லை.

பாஸ்வேர்டு கேட்கவில்லை. டைம்கீப்பர் புரோகிராம் தானாகவே திறந்தது. தேதி: அந்த ஜூலை, அந்த நாள். மணி: பன்னிரண்டு இருபத்தொன்பது. நாற்பத்தொரு பெயர்கள். எல்லாருக்கும் நேராக இன்.

முப்பது ஆனது.

டக்.

சுவரிலிருந்து வந்தது. பஞ்ச் மெஷின் இருந்த இடம். மெஷினைக் கழற்றி வருடங்களாகின்றன, நாலு ஸ்க்ரூ ஓட்டைதான் மிச்சம். டக். முதல் பெயர் அவுட். டக். அடுத்தது. டக். டக். அவன் அன்றைக்கு அடித்த அதே வேகம். சீக்கிரம் முடித்துவிட்டு நிழலில் சாயவேண்டும் என்று அடித்த வேகம்.

நாற்பது பெயர்கள் அவுட். அவனுடையதும்.

சிவசங்கரன் மட்டும் இன்.

அடி. அடித்துவிடு. அன்றைக்கு அடித்ததுதானே. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கர்சரை அந்த வரிக்குக் கொண்டுபோய் அவுட் என்று தட்டினான். அழிந்தது. மறுபடி தட்டினான். அழிந்தது. விரல் வேறு கட்டையில் விழுந்தது. மறுபடி.

அன்றைக்குக் கூரை ஏற வேண்டிய முறை சிவசங்கரனுடையது இல்லை. டைம்கீப்பர் வேலையோடு கூரை வேலையும் பார்த்தவன் நாகலிங்கம். முறை அவனுடையது. கேம்ப்பில், சைட்டில் ஆளுக்கு ஆள் டூட்டி மாற்றிக்கொள்வது சகஜம்.

"கார்டு அடிக்கிற வேலை இருக்குடா. இன்னைக்கு எனக்குப் பதிலா நீ ஏறு. நாளைக்கு உன் மொறைக்கு நான் ஏறுறேன்."

"நாளைக்கு நெசமாவே ஏறுவீங்களாண்ணே? ஏமாத்திடாதீங்க, ஆமா!"

சிரித்துக்கொண்டேதான் ஏறினான். இதை நாகலிங்கம் யாரிடமும் சொன்னதில்லை. போலீசிடம் சொல்லவில்லை. சவப்பெட்டியோடு ஊருக்குப் போய் உமாராணி முன்னால் நின்றபோதும் சொல்லவில்லை.

தலைக்கு மேல் தகரம் அமுங்கியது.

சூட்டில் முறுக்கும் சத்தம் இல்லை. பாரம். ஒரு கால். நின்றது. இன்னொரு கால். கேபின் கூரையின் அந்தக் கோடியிலிருந்து வாசல் பக்கமாக.

"யாரு?" என்றான்.

டக்.

திரையில் சிவசங்கரனின் வரி மாறியது. அவுட்.

டக்.

நாகலிங்கத்தின் வரி. இன்.

எழப் பார்த்தான். முழங்கால் கேட்கவில்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே, வெயிலுக்குக் குறுக்கே ஓர் அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. அவன் வந்தபோது அங்கே ஏணி இல்லை. மேல்படியில் ஒரு சேஃப்டி ஷூ இறங்கியது. அடிப்பாகம் சூட்டில் உருகிப் படியில் ஒட்டி, பிய்ந்து, அடுத்த படிக்கு வந்தது. பிறகு மற்றக் கால். பிறகு முழங்கால். இடுப்பு. அவசரமே இல்லை. டூட்டி முடிந்து இறங்குகிற ஆளின் நடை.

கடைசிப் படி. ஏணியைவிட்டு ஓர் எட்டு நகர்ந்து, அடுத்த ஆள் ஏற இடம் விட்டு, அது நின்றது. கை ஏணியைப் பிடித்தபடி இருந்தது. ஆடாமல்.

சிவசங்கரனுக்கு நாகலிங்கம் ஒரு மத்தியான டூட்டி பாக்கி.