இடது தோளில் இருந்த இருட்டு

அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமென்று தம்பி ஜன்னலோரம் வந்து நின்றான்.

"அக்கா, மூக்கைக் கொஞ்சம் சின்னதா எடு. என் மூக்கு முதல்ல ஆபீசுக்கு வருதாம், நான் பின்னாடிதான் வர்றேனாம். ஒரே கிண்டல்."

"இருக்கறதுதான் வரும். நேரா நில்லுடா."

எடுத்தாள். அவன் இடது தோளுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ விழுந்திருந்தது. லென்ஸை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். அப்போதும் இருந்தது. நேரமாகிவிட்டது, இதுவே போதும் என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். நான்காம் நாள் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

போட்டோ பார்த்து முகம் வரைவதுதான் இருபது வருடமாக அவள் பிழைப்பு. யார் யாருடைய அப்பாவையோ மாமனாரையோ வரைந்து கொடுத்திருக்கிறாள். ஐந்து மாதம் கழித்துத் தம்பி மனைவி வந்து கேட்டாள்.

"நீங்களே வரைஞ்சு குடுங்க அண்ணி. பாப்பாவுக்கு அவர் முகம் மறந்துக்கிட்டே வருது. நேத்து பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி, அப்பா இப்படித்தானே இருப்பாருன்னு கேக்கறா."

அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

முதலில் வரைந்தது உயிரில்லாமல் இருந்தது. முகம் நட்டநடுவில், இருபுறமும் ஒரே சாம்பல் நிறம், அடையாள அட்டையைப் பெரிதாக்கி மாட்டிய மாதிரி. எங்கே வெளிச்சம் போதவில்லை, எங்கே இருள் போதவில்லை என்று கண்டுபிடிக்க, மூன்று போட்டோக்களைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பலகையில் குத்தினாள். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடி தொண்டையில் இறங்க, பின்னால் நான்கடி தள்ளி நின்று, தொழில் பழக்கப்படி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கண்ணை இடுக்கினால் மூக்கும் வாயும் கரைந்துபோய், இருட்டும் வெளிச்சமும் மட்டும் திட்டுத் திட்டாக மிஞ்சும்.

மூன்றிலும் அதே திட்டு. ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழும் படத்தில், நிழலே இருக்கக்கூடாத இடது தோளுக்குப் பின்னால். ஃபிளாஷ் போட்டு எடுத்த ஆபீஸ் விழாப் படத்திலும் அங்கேதான். மூன்றாவது மொட்டைமாடியில் எடுத்தது. பின்னால் சுவரே இல்லை, வானம்தான். வானத்தின்மேல் அந்த இருட்டு, தோளை ஒட்டி, கொஞ்சம் குனிந்த மாதிரி.

போட்டோவின் கோளாறு என்று முடிவு கட்டினாள். வேறென்ன நினைப்பாள்? ஓவியத்தில் முகத்தை நடுவிலிருந்து நகர்த்தினாள். இடது தோளைக் கத்தியால் சுரண்டி, அங்கே நல்ல வெளிச்சம் கொடுத்தாள். மறுபக்கக் கன்னத்தில் இருளை ஏற்றினாள். மூன்றாம் நாள் மதியம் படத்தில் தம்பி திரும்பி வந்துவிட்டான். வாயோரம் கிண்டலோடு அவளை நேராகப் பார்த்தான். அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபோது மூன்று போட்டோவிலும் தோள் சுத்தமாக இருந்தது.

உறக்கமில்லாத கண் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குத் தம்பி மனைவி பாப்பாவோடு வந்தாள். பாப்பாவைப் படத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"அத்தை, அப்பா மூக்கு!" என்றது குழந்தை.

"ஆமாண்டி, அதேதான். பக்கத்துல நில்லு, ஒண்ணு எடுத்துக்கறேன்." எடுத்தவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "என்ன அண்ணி, இவ தோள்ல கறுப்பா?"

"லென்ஸ்ல அழுக்கு இருக்கும். குடு."

துடைத்து எடுத்தாள். இருந்தது. குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பி எடுத்தாள். கதவோரம் நிறுத்தி எடுத்தாள். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, முகம் காட்டி. எப்படி நின்றாலும் இடது தோள். அடுத்தடுத்த படத்தில் இன்னும் குனிந்து.

"அத்தை, இந்தப் பக்கம் மட்டும் குளிருது," என்று குழந்தை தோளைத் தேய்த்தது.

இருவரையும் சமையலறைக்கு அனுப்பினாள். கதவைத் தாழிட்டாள். கறுப்பைப் பிதுக்கினாள். பழுப்பைக் கலந்தாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்கடா."

தோளை ஒட்டி வைத்தாள். இன்னும் கொஞ்சம். மேலே. குனிந்த மாதிரி. பழையபடி. கண்ணை இடுக்கினாள். போதவில்லை. இன்னும். கதவுக்கு வெளியே குழந்தை இருமியது. இன்னும்.

தாழைத் திறந்து ஒரே ஒரு படம் எடுத்தாள்.

குழந்தையின் தோளில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

"நல்லாயிருந்த படத்தைக் கெடுத்துட்டீங்களே, அண்ணி," என்றாள் தம்பி மனைவி. படத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பிறகு அதிகம் பேசுவதுமில்லை. தம்பியைவிட நல்ல படம் வரைந்த பெயர்தான் முக்கியமாகப் போய்விட்டது, கடைசியில் அதுவும் வரவில்லை என்று யாரிடமோ சொன்னாளாம். சொல்லட்டும். குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடப் படங்களை அத்தை கேட்டு வாங்கி, தோளை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள்.

படம் அவள் அறையிலேயே இருக்கிறது. பார்க்க வரும் ஓவியர்கள், வெளிச்சம் விழும் பக்கத்திலேயே நிழலா என்று கேட்கிறார்கள். கண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவற்றை நேராகப் பார்ப்பதுபோல்தான் அவள் வரைந்தாள். அன்றைக்குப் பிறகு அவற்றைத் தூரிகையால் தொடவில்லை. இப்போது அவை ஓரத்துக்குத் திரும்பி, இடது தோளைப் பார்த்தபடி இருக்கின்றன. வாயோரத்துக் கிண்டல் இல்லை.

எண்ணெய் வண்ணம் மழைக்காலத்தில்கூட மூன்று நான்கு வாரத்தில் காய்ந்துவிடும். நாலு வருடமாகிறது. படம் முழுக்கக் காய்ந்துவிட்டது. அந்தத் தோளில் விரல் வைத்தால் மட்டும் இன்றைக்கும் ஒட்டுகிறது.