முதல் கூண்டுக்குத் தண்ணீர் மட்டும்

கமுந்திங் தாண்டி, மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரிதான் இப்போது ஆய்வுக்கூடம். கலாதேவி குடையை உதறிவிட்டு உள்ளே நுழைந்தபோது மத்தியான மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஈரத் தவிட்டு வாடை, எலி மூத்திர வாடை. அலமாரி அலமாரியாகப் பெட்டிகளில் கத்திக்கொண்டிருந்த சுவர்க்கோழிப் பூச்சிகள், ஆள் நுழைந்ததும் கப்சிப். ஆசாமி அசையாமல் உட்கார்ந்தால்தான் மறுபடி ஆரம்பிக்கும்.

பூச்சிகளுக்குத் தீவனம் போடும் சீனி அண்ணன் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவையாச்சும் எலி பொழைக்குமா, தங்கச்சி? சாந்தினி கொடுத்தா ஒண்ணுகூட சாவாதுலா. அது கைராசி."

கலாதேவிக்கு வயிறு எரிந்தது. கூட வேலை பார்த்த சாந்தினி லகாட் சாலையில் லாரி மோதிச் செத்து மூன்று மாதமாகிறது. செத்தும் இவர்கள் வாயை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாள், சனியன். சாப்பிடக்கூடிய அந்தப் பூச்சியின் சாற்றைக் கொடுத்தால், பராசிட்டமோல் அளவுமீறி விழுங்கிய எலியின் ஈரலும் கெடாது என்று காட்டியவள் அவள்தான். அதே சாறு, அதே அளவு, ஆனால் கலாதேவி கொடுத்தபோது இரண்டு தடவையும் ஈரல் கெட்டுத்தான் போனது. மூன்றாம் தடவையும் தோற்றால் வேலை இல்லை என்று ஈப்போவிலிருக்கும் டாக்டர் தனேஸ்வரன் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

முதல் கூண்டு எலிகளுக்குத் தண்ணீர் மட்டும். இரண்டாம் கூண்டுக்கு மாத்திரை மட்டும். மூன்றாம் கூண்டுக்கு மாத்திரையோடு சாறும் உண்டு. ஈரல் கெட்டதா என்று ஈப்போவில் சோதிக்க எடுத்த ரத்தம் மேசைமேல் குப்பிகளில் தயாராக இருந்தது.

சீனி அண்ணன் போனதும் கலாதேவி குப்பிகளின் சீட்டுகளை உரித்தாள். முதல் கூண்டின் நல்ல ரத்தத்தில் மூன்றாம் கூண்டின் சீட்டை ஒட்டினாள். மூன்றாவதன் ரத்தத்தில் முதலாவதன் சீட்டு. அவள் விரல்கள் மட்டும்தான் அசைந்தன. பூச்சிகள் பழையபடி கத்த ஆரம்பித்திருந்தன.

வாசலோரப் பெட்டிகள் அடங்கின.

அடுத்து, நடு அலமாரி.

அடுத்து, அவள் முதுகுக்குப் பின்னால்.

"சீனி அண்ணே?"

கழுத்தோரம் கையுறைப் பவுடர் வாடை அடித்தது. சாந்தினி மட்டும் போட்டுவந்த ரகம் அது.

"செத்தவளுக்கு இங்க என்ன வேல? போடி," என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசிச் சீட்டையும் ஒட்டினாள். சாயங்காலம் குப்பிகள் ஈப்போவுக்குப் போயின.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் போனில் கூப்பிட்டார்.

"மூணாவது கூண்டு ஈரல் எல்லாம் நாசம், கலா. மொதக் கூண்டு மட்டும் அருமையா இருக்கு. நாளைக்கு சாவியக் கொடுத்துடும்மா."

கலாதேவி போனை வைத்தாள். முதல் கூண்டு என்று அவர் சொன்னது உண்மையில் மூன்றாம் கூண்டின் ரத்தம். அவள் கொடுத்த சாறு பலித்திருக்கிறது. ஐயோ, பலித்தேயிருக்கிறது. அவளே தன் கையால் அதைக் கெடுத்துக்கொண்டாள்.

அப்படியானால், வெறும் தண்ணீர் குடித்த எலிகளின் ஈரலைக் கெடுத்தது யார்?

மருந்துப் புத்தகத்தை இழுத்துத் திறந்தாள். எந்த எலி, என்ன எடை, எவ்வளவு மருந்து என்று எழுதி, கொடுத்து முடித்ததும் ஒரு டிக் போடவேண்டும். முதல் கூண்டின் பக்கம் காலியாக இருந்திருக்கவேண்டும். ஏழு நாளும் பராசிட்டமோல் என்று எழுதியிருந்தது.

சாந்தினியின் சாய்ந்த கையெழுத்து.

கடைசி வரியில் இன்றைய தேதி. காலை எட்டு மணி. எலியின் எண்ணைக் காணோம்.

எடை, ஐம்பத்து நான்கு கிலோ.

எந்த எலியும் அவ்வளவு கனக்காது. அது கலாதேவியின் எடை.

பக்கத்தில் டிக் போட்டிருந்தது.

கலாதேவி மெல்லத் திரும்பி, எட்டு மணிக்குக் குடித்து வைத்த கோப்பிக் குவளையைப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக மாவு தங்கியிருந்தது.